குறையுள்ள சரக்கும் குறைத்த விலையும்: சந்தை வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில நாட்கள் முன்னர் நம் வீட்டிற்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கினோம். கடையில் காட்சிக்காக நிறுத்தி வைத்திருந்த பெட்டி அது. விலைச்சீட்டில் பழைய விலையை அடித்து, புதிய விலையை எழுதி, பக்கத்தில் ‘சிறப்பு விலை’ என்று மட்டும் குறித்திருந்தார்கள். வீட்டில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான், கடையில் சுவரை ஒட்டியிருந்த பக்கம் ஒரு கையகலத்திற்கு நசுங்கியிருப்பது தெரிந்தது. தொலைபேசியில் கேட்டோம். அதற்காகத்தானே விலையைக் குறைத்துக் கொடுத்தோம் என்று பதில் வந்தது.

அதே வாரம், ஜவுளிக்கடை வைத்திருக்கும் நம் மச்சான் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கைச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்கு உடுத்தியிருந்த சட்டையை ஒரு வாடிக்கையாளர் கேட்டார். கழற்றிக் கொடுத்தபோது, பொம்மைக்குப் போட்ட சட்டை என்பதால் விலையைக் குறைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சட்டையில் கறையில்லை, கிழிசலில்லை, நிறம் மங்கவும் இல்லை. “குறைத்துக் கொடுப்பது மார்க்கத்தில் கடமையா, அல்லது என் விருப்பமா?” என்று மச்சான் நம்மிடம் கேட்டார்.

ஒரு பக்கம், விலையைக் குறைத்துவிட்டதால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட கடை. இன்னொரு பக்கம், சொல்வதற்கு எந்தக் குறையும் இல்லாதபோதும் விலையைக் குறைக்கும்படி கேட்கப்பட்ட கடை. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் முன்னோரின் ஏடுகளைப் புரட்டினோம். ‘தள்ளுபடி’ என்ற சொல் இன்று கடைத்தெருவெங்கும் தொங்குகிறது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கேள்வி மதீனாவின் சந்தையிலேயே எழுந்துவிட்டது.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரிந்ததே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று உரிமையாளரிடம் வினவ, மழை பெய்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற பொருள்பட அண்ணலார் எச்சரித்தார்கள்.

ஜும்ஆ பயான்களில் இந்த எச்சரிக்கையைத்தான் நாம் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்வந்த கேள்வியில் நின்று நிதானிப்பவர்கள் குறைவு. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அண்ணலார் தடுக்கவில்லை. இத்தனை திர்ஹம் குறைத்து விற்க வேண்டும் என்றும் கட்டளையிடவில்லை. ஈரத்தைக் கீழிருந்து மேலே கொண்டுவரச் சொன்னார்கள், அவ்வளவுதான். மேலே வந்துவிட்டால் வாங்குபவர் அதைப் பார்ப்பார். தம் வீட்டில் இன்றே ஆட்டி அரைத்துவிடலாமா, வெயிலில் காயவைக்க இடமுண்டா என்று எண்ணிப் பார்ப்பார். அதற்கேற்ப விலை கேட்பார். விலை தானாகவே தன் இடத்திற்கு இறங்கிவிடும். சந்தையில் விலை ஏறிய வேறொரு சமயத்தில், விலையை நிர்ணயம் செய்து தரும்படி மக்கள் வேண்டியபோது, விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்று கூறி நபியவர்கள் மறுத்துவிட்ட செய்தியை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. விலை, வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாக விடப்பட்டது. அறிவிப்போ அவ்வாறு விடப்படவில்லை.

காட்சிக்காகச் சரக்கைப் ‘பண்ணுவது’ பற்றியும் அந்த நாளிலேயே பேசப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு முன் ஆட்டின் மடியைச் சில நாள் கறக்காமல் கட்டிவைத்து, பால் நிறைந்திருப்பதுபோல் காட்டும் வழக்கம் அரபகத்தில் இருந்தது. நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் ஆட்டை வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் வழிவகுத்தார்கள். கறந்து குடித்த பாலுக்கு ஈடாக அந்தப் பழம். ஏமாற்றியவருக்கும் தம் பாலுக்குரிய ஈடு கிடைக்கச் செய்த இந்த நீதியை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பே மேலிடுகிறது.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்திற்கு விற்றார். அருகில் இருந்த நபித்தோழர் வாஸிலா இப்னு அல்-அஸ்கஃ (ரலி) அவர்கள் வேறு கவனத்தில் இருந்துவிட்டார்கள். வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு சென்றபின்தான் நினைவு வந்து, பின்னாலேயே ஓடி அவரைக் கூவி நிறுத்தினார்கள். இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஒரு துளை இருப்பதைத் தாம் பார்த்திருப்பதாகவும், தொடர்ந்த பயணத்தை அது தாங்காது என்றும் வாஸிலா (ரலி) சொன்னார்கள். அவர் திரும்பி வந்து ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்க முற்பட்டார். விற்றவர் விலையில் 100 திர்ஹம் குறைத்தார். பிறகு வாஸிலாவைப் பார்த்து, அல்லாஹ் உமக்கு அருள் புரியட்டும், என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்றார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக அல்லாஹ்வின் தூதரிடம் உறுதிமொழி அளித்தவர்கள் நாங்கள் என்பதே வாஸிலாவின் பதில்.

அந்த முதல் கேள்வியைக் கவனியுங்கள்: இறைச்சிக்கா, சவாரிக்கா? இறைச்சிக்கு என்றால் குளம்பின் துளை ஒரு குறையே அல்ல. 300 திர்ஹமும் சரியான விலையாகவே இருந்திருக்கும். சவாரிக்கு என்பதால் அதே துளை விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோயிற்று. குறை என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. அதை வாங்குபவரின் நோக்கத்திலும் இருக்கிறது. பொருளை அவர் எதற்காக வாங்குகிறார் என்று அறியாமல் விற்பவர் தாமாகவே ஒரு தொகையைக் குறைத்து வைத்துவிட முடியாது. நம் குளிர்சாதனப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். சமையலறை மூலையில் இரு சுவர்களுக்கிடையே வைப்பவருக்கு அந்த நசுங்கல் ஒன்றுமில்லை. அவர் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார். மகளின் திருமணச் சீராகக் கொடுப்பதற்கு வாங்குபவருக்கோ அது பெருங்குறை. சொல்லியிருந்தால் இருவரும் தத்தமக்கு ஏற்ற முடிவை எடுத்திருப்பர்.

விற்றவருக்கும் ஒரு சொல். அவர் வருத்தப்பட்டாலும் 100 திர்ஹத்தைக் குறைத்தார், சண்டையிடவில்லை. இஹ்யாவைப் படித்துவிட்டு வாஸிலாவை மட்டும் நினைவில் வைத்து, பெயர் தெரியாத இந்த வியாபாரியை நாம் மறந்துவிடுகிறோம்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் அல்-பஜலீ (ரலி) அவர்கள் தம் சரக்கை விற்கும்போது அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, விரும்பினால் எடும், இல்லாவிட்டால் விடும் என்பார்களாம். இப்படிச் செய்தால் உமக்கு ஒரு விற்பனையும் நடவாது என்று சொன்னவர்களுக்கும் அதே உறுதிமொழியைத்தான் நினைவூட்டினார்கள். வாங்கும் பக்கத்தில் நின்றபோதும் அவர்கள் வேறு மனிதராகிவிடவில்லை. அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்திற்குப் பேசி வாங்கிய குதிரையைப் பார்த்துவிட்டு, இது அதற்கு மேல் பெறும் என்று உரிமையாளரிடம் தாமாகவே விலையை ஏற்றிக்கொண்டே போய் 800 திர்ஹம் கொடுத்த செய்தியைத் தபரானீ பதிவு செய்துள்ளார். நம்மில் எத்தனை பேர், பொம்மைச் சட்டைக்கு விலை குறைக்கச் சொல்லும் முன் இதை நினைப்போம்?

இனி கூஃபாவுக்கு வருவோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 150, கி.பி. 767) பட்டுக் கலப்புத் துணி வணிகர் என்பதை நாம் அறிவோம். தம் கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மானிடம் சரக்கை அனுப்பியபோது, அதில் இன்ன துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது சொல்லிவிடும் என்று இமாமவர்கள் சொல்லி அனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார். துணி விற்றுப் போயிற்று. வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று கதீப் அல்-பக்தாதீ தம் வரலாற்று நூலில் எழுதுகிறார். குறையின் அளவுக்குரிய தொகையை மட்டும் கணக்கிட்டு ஒதுக்கியிருக்கலாமே என்று வணிக மனம் கேட்கும். ஆனால் வாங்கியவர் குறையை அறிந்திருந்தால் அந்தத் துணியை வாங்கியே இருக்க மாட்டாரோ என்னவோ. அந்த ஐயம் தீராதவரை எந்தத் தொகை தம்முடையது என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்?

பஸராவின் இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் ஓர் ஆட்டை விற்றபோது, இது காலால் தீவனத்தைத் தட்டிவிடும் பழக்கமுடையது என்று சொல்லி விற்றார்களாம். படித்தபோது சிரிப்பு வந்தது. அந்த ஆட்டின் ஐபைச் சொல்ல வேறு யார் முன்வந்திருப்பார்?

பின்வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் இந்த நிகழ்ச்சிகளிலிருந்து முறையான சட்டத்தைக் கட்டினார்கள். எது குறை என்பதே முதல் கேள்வி. வணிகர்களின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்கிறது, ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானீயின் ஹிதாயா. மச்சானின் சட்டைக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. வாடிக்கையாளரின் மனக்குறை அளவுகோல் அன்று. கடைக்காரரின் மனச்சமாதானமும் அளவுகோல் அன்று. துணி வணிகத்தை அறிந்த நாலு பேர் அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால், விலை குறையும் என்பார்களா என்பதே கேள்வி. விளக்கின் சூட்டில் தோள்பட்டை வெளுத்திருந்தாலோ, ஊசி குத்திய துளை இருந்தாலோ குறையும் என்பார்கள். வெறுமனே ஒரு வாரம் பொம்மையில் இருந்ததற்காகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஷோரூமில் காலை முதல் இரவு வரை மாதக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டி வேறு. பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் அதன் ஆயுளில் ஒரு பகுதி கடையிலேயே செலவாகிவிட்டது. வணிகம் அறிந்த எவரும் அதைப் பெட்டி பிரிக்காத சரக்கின் விலைக்கு மதிக்க மாட்டார். ஆகவே அது சொல்லப்பட வேண்டிய செய்தி.

அடுத்த கேள்விக்கு அறிஞர்கள் அளித்த விடை நம்மைச் சற்று நிறுத்தியது. மறைந்திருந்த குறை வாங்கியபின் தெரியவந்தால் என்ன செய்யலாம்? ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பேசிய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். பொருளையும் வைத்துக்கொண்டு விலையையும் குறை என்று வற்புறுத்தும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. ஹன்பலீ மத்ஹபில் அந்த உரிமை உண்டு. குறைக்கு ஈடான அத்தொகைக்கு ‘அர்ஷ்’ என்று பெயர். (இறைவனின் அர்ஷைக் குறிக்கும் சொல் வேறு, தமிழ் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.)

ஏமாந்தவருக்குத் தள்ளுபடி கேட்கும் உரிமையை ஹனஃபீகள் ஏன் மறுத்தார்கள்? விற்றவர் இன்ன விலைக்கு என்றுதான் பொருளைக் கைவிடச் சம்மதித்தார். அதைவிடக் குறைந்த விலைக்குச் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் விலையைக் குறைப்பது அவருக்கு இழப்பு. வாங்கியவரின் இழப்பைத் திருப்பிக் கொடுப்பதன் மூலமே நீக்கிவிடலாம். இருவருள் ஒருவருக்கும் இழப்பு வராத வழி இருக்கும்போது மற்றொன்று எதற்கு? இப்படிச் செல்கிறது ஹிதாயாவின் வாதம். விலைக்குறைப்பு இரு தரப்பும் மனமொப்பிச் செய்ய வேண்டியது என்ற எண்ணம் இதில் ஆழமாக ஓடுகிறது. இருவரும் பேசிக் குறைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. அந்த ஒட்டக வியாபாரி செய்ததும் அதுவே. இதையே நம் கடைக்காரரின் பதிலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். குறையை ஒருவர் மட்டும் அறிந்து, அவரே ஒரு தொகையை முடிவு செய்து குறைத்தால், அதில் இரண்டாமவரின் சம்மதம் எங்கே? கடைகளில் விலை பல காரணங்களால் இறங்குகிறது. ஆடி மாதம் என்றால் இறங்கும், புதிய மாடல் வந்தால் இறங்கும், பெருநாளுக்கு இறங்கும், கடையைக் காலி செய்தால் இறங்கும். இறங்கிய விலையைப் பார்த்து நசுங்கிய பக்கத்தை ஊகித்துக்கொள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

குறை எதுவானாலும் பொறுப்பல்ல என்று முன்கூட்டியே சொல்லி விற்றால்? இதற்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. மனிதர்களை விற்றும் வாங்கியும் வந்த காலம் அது. வழக்கும் ஓர் அடிமையைப் பற்றியதே. நம் காலத்தின் கண்ணுக்கு உறுத்தும் என்றாலும், சட்டத்தின் வேர் அங்கேதான் இருப்பதால் தவிர்க்க இயலவில்லை. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பேற்பதில்லை என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்திற்கு விற்றார்கள். அவனுக்கு ஒரு நோய் இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை என்று வாங்கியவர் முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. விற்றபோது அந்த நோயைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி கலீஃபா தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் அவர்களிடத்திலேயே குணமடைந்தான். பிறகு 1,500 திர்ஹத்திற்கு விற்றார்கள்.

நிபந்தனை போட்டது ஸஹாபி; அதுவும் இப்னு உமர். இருந்தும், ‘பொறுப்பல்ல’ என்ற சொல் அறிந்த குறையை மூடும் போர்வையாகிவிடக் கூடாது என்று கலீஃபா பார்த்துக்கொண்டார்கள். இத்தீர்ப்பைப் பின்பற்றி, உயிருள்ள பிராணிகளில் விற்பவர் அறியாத உட்குறைக்கு மட்டுமே அத்தகைய நிபந்தனை செல்லும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. துணிக்கும் பாத்திரத்துக்கும் அது செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் எல்லாக் குறைகளுக்கும் பொதுவாக அந்த நிபந்தனையை விதிக்கலாம். ஆனாலும் அறிந்த குறையை மறைத்த பாவம் நீங்கிவிடாது. நம் சமுதாயத்தில் கடற்கரை ஊர்களின் மரைக்காயர் குடும்பங்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் ஹனஃபீ மத்ஹபும் பெரிதும் வழங்குவதால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்னும் பலகை ஒரே கடைத்தெருவில் இரண்டு சட்டங்களைச் சந்திக்கிறது என்பது சுவையான செய்தி.

நூல்களில் இருப்பது இருக்கட்டும். தெருவில் இவற்றை யார் பார்த்துக்கொண்டார்கள்? முஹ்தஸிப் எனப்படும் சந்தைக் கண்காணிப்பாளர். அவருக்கென எழுதப்பட்ட கையேடுகளில் 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதியது புகழ்பெற்றது. வெள்ளாட்டு இறைச்சியைச் செம்மறி இறைச்சியோடு கலக்கக் கூடாது. வெள்ளாட்டு இறைச்சியில் குங்குமப்பூவால் புள்ளியிட்டு வேறுபடுத்த வேண்டும். விற்றுத் தீரும்வரை அதன் வாலை அறுக்காமல் விட வேண்டும் என்கிறார். பழைய பஞ்சைப் புதிய பஞ்சோடு கலப்பதைத் தடுக்கிறார். கிழிசலை இழை கோத்துத் தெரியாமல் சரிசெய்யும் ரஃபூக்காரர்களுக்கு அவர் விதித்த கட்டுப்பாடு நம்மை மிகவும் கவர்ந்தது. வெளுப்பவர் கிழித்துவிட்டுக் கொண்டுவரும் ஆடையை, அதன் சொந்தக்காரர் உடனில்லாமல் ரஃபூ செய்து கொடுக்கக் கூடாது. கைத்தொழிலின் திறமையே குறையை மறைக்கும் கருவியாகிவிடக் கூடாதல்லவா? இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடமும் தெரியாத ரஃபூவைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, விற்பவர் அதை மறைப்பது கூடாது என்றே விடையளித்திருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலியின் கண்ணும் கடைக்காரரின் கைகள் மீதே இருந்தது. துணியின் இரு பக்கங்களில் நல்ல பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டுவது, இருட்டான இடத்தில் வைத்துத் துணியைக் காட்டுவது, ஒரு சோடிச் செருப்பில் சிறந்ததை மட்டும் முன்னே வைப்பது ஆகிய மூன்றையும் மோசடி என்று இஹ்யாவில் எண்ணிச் சொல்கிறார்கள். இன்று விளக்கு மறுபக்கம் போய்விட்டது. இருட்டுக்குப் பதிலாகக் கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் வைத்துத் துணியின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறோம். பெயர் சூட்டும் தந்திரமும் புதிதன்று. சில தரகர்கள் தங்கள் தொழுவங்களுக்கே குராஸான், ஸிஜிஸ்தான் என்று பெயர் வைத்துவிட்டு, இந்தக் கால்நடை நேற்றுத்தான் குராஸானிலிருந்து வந்தது என்று விற்றார்களாம். இமாம் இப்ராஹீம் அந்-நகஈ (ரஹ்) அதைக் கடுமையாக வெறுத்ததை இமாம் புகாரீ (ரஹ்) தம் வணிக இயலில் குறித்து வைத்திருக்கிறார்கள். ‘ஃபேக்டரி விலை’, ‘எக்ஸ்போர்ட் சரக்கு’ என்ற பலகைகளைக் காணும்போது அந்தத் தொழுவம் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தள்ளுபடியைக் கணக்காகவே எழுதி வைத்தவர்கள் உஸ்மானியர்கள். 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் ஹனஃபீ சட்டத்தைப் பிரிவு பிரிவாகத் தொகுத்த ‘மஜல்லா’வில் குறைகளுக்கென ஓர் இயலே உண்டு. வாங்கியவர் துணியை வெட்டிவிட்டார். அதன்பின் பழைய குறை தெரிகிறது. வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அப்போது மட்டும் விலைக்குறைப்புக் கேட்கலாம். எவ்வளவு? எந்தத் தரப்பையும் சாராத, சரக்கறிந்தவர்கள் இரண்டு மதிப்புச் சொல்ல வேண்டும்: குறை இல்லாவிட்டால் என்ன விலை, குறையோடு என்ன விலை. இரண்டுக்கும் உள்ள விகிதமே முக்கியம். 60 குருஷுக்கு வாங்கிய துணி, குறையில்லாமல் 80 பெறும், குறையோடு 60 பெறும் என்று அவர்கள் மதித்தால், குறைவு கால் பங்கு. ஆகவே கொடுத்த 60இல் கால் பங்கான 15 குருஷ் திரும்ப வரும். குறையில்லாமல் 50, குறையோடு 40 என்றால் குறைவு ஐந்தில் ஒன்று. 12 குருஷ் வரும். மலிவாக வாங்கியவருக்கும் விலை அதிகம் கொடுத்தவருக்கும் அவரவர் பேசிய பேரத்தின் பலன் கெடாமல் குறைக்கு மட்டும் ஈடு கிடைக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர்களே, விற்பவர் குறையை முன்கூட்டிச் சொல்லி, வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் பிறகு எந்த முறையீடும் இல்லை என்றும் எழுதி வைத்தார்கள். சொல்லிவிட்டவருக்கு அத்தனை நிம்மதி.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழியாக நடந்து ஏறக்குறைய இதே இடத்திற்கு வந்திருக்கிறது. வாங்குபவரே விழித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆங்கிலேய மரபிலிருந்து பிறந்த 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளைச் சோதித்துப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவரைப் பெரிதும் பொறுப்பாக்குவதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று காட்டுவதை நேர்மையற்ற வணிகமாகக் கொள்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அவ்வாறே கொள்கிறது. கடைச்சுவரில் தொங்கும் பலகைகள் பல இச்சட்டத்தை இன்னும் படிக்கவில்லை.

நம் குளிர்சாதனப் பெட்டியை நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. நோன்பு நெருங்கிவிட்டது, நசுங்கிய பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது, நன்றாகவே குளிர்கிறது. கடைக்காரரை மீண்டும் அழைத்து, விலை நமக்குச் சம்மதம்தான், சொல்லாமல் விட்டதுதான் சம்மதமில்லை என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி பாய் என்றார்.

மச்சான் அந்தச் சட்டைக்கு விலை குறைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கடையின் வாசல் பக்கம், பகல் வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு தனி அலமாரி வைத்திருக்கிறார். நெசவில் இழை விட்டவை, பட்டன் மாறியவை, வெளுத்தவை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறை இருக்கும் இடத்திலேயே ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். ஷைஸரீயின் குங்குமப்பூப் புள்ளியை நாம்தான் அவருக்குச் சொன்னோம். விலைச்சீட்டில் முதலில் குறையை எழுதுகிறார். அதற்குக் கீழே விலை. “நூலைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று எடுத்துப் போகிறவர்களும் உண்டு, தொட்டுப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு” என்றார் சென்ற வாரம். திருப்பிக் கொண்டுவந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்டோம். ஒருவர் வந்தாராம், நூலை அவிழ்க்கத் தெரியாமல்.